அறுவடைக்கு முன்னும் பின்னும்

நுழையும்முன்

பொருளியல் என்றதும் வரைபடமும் புள்ளிவிவரமும் நம் நினைவுக்கு வருகின்றன. பணத்தை எண்ணும் மனிதனின் மனத்தையும் அளந்து பார்க்க வேண்டும் எனக் கருதிய அறிஞர்கள் அத்துறைக்குள் ஒரு புதிய வாயிலைத் திறந்தனர். அவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டுச் சிற்றூரில் பிறந்தவர். அவரும் உடன் ஆய்ந்தோரும் நம் கரும்பு உழவர்களிடம் கேட்ட கேள்வி இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் பேசப்படுகிறது. கரும்பு விளையும் ஊரில் வளர்ந்த ஓர் ஆசிரியரின் பார்வையில் அந்த ஆய்வுப் பயணத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

ஏழை சொல்

‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்பது நம் முன்னோர் பட்டறிந்து சொன்ன பழமொழி. வறியவர் பேசினால் ஊர் செவிகொடுப்பதில்லை. வறியவர் தவறினால் ஊர் பொறுப்பதுமில்லை. செல்வர் ஒருவர் கட்டணம் செலுத்த மறந்தால் ‘வேலை மிகுதி’ என்கிறோம். அதே மறதி கூலித் தொழிலாளி ஒருவருக்கு நேர்ந்தால் ‘பொறுப்பில்லாதவர்’ என்கிறோம். செயல் ஒன்றே, அதற்கு நாம் சூட்டும் பெயர்கள் இரண்டு.

இப்பழக்கத்தின் அடியில் ஒரு நம்பிக்கை மறைந்து கிடக்கிறது. கவனக் குறைவும் கணக்குத் தெரியாமையும் இருப்பதால்தான் சிலர் வறுமையில் உழல்கின்றனர் என்பதே அந்நம்பிக்கை. அதனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் என்ன? வறுமையே மனிதனின் கவனத்தைப் பறிக்கிறதோ? இக்கேள்விக்கு விடை காண்பது எளிதன்று. வறுமையை நீக்கினால் அதே மனிதர் எவ்வாறு சிந்திப்பார் என்பதை அறிந்தால்தான் விடை கிடைக்கும். அவ்வாறு அறிவதற்கு ஒரு வழி நம் கரும்புக் காட்டிலேயே இருந்தது.

வகுப்பறையே சந்தை

இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஆய்வுக்கூடம் உண்டு. பொருளியலுக்கு அது இயலாது என நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1956இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த வெர்னான் ஸ்மித், தம் வகுப்பறையையே சந்தையாக்கினார். மாணவர்களுள் சிலர் விற்போர், சிலர் வாங்குவோர். ஒவ்வொருவர் கையிலும் அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு விலை. அவர்கள் கூவி விலைபேசிய விளையாட்டில், பாடநூல் கூறும் சமநிலை விலையை நோக்கி வணிகம் சென்றது. ஒரு கோட்பாட்டைச் செய்து பார்த்தே சோதிக்கலாம் என்பது அன்று புலனாயிற்று. இவ்வாறு வளர்ந்ததே சோதனைவழிப் பொருளியல்.

மற்றொரு புறத்தில், டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் இஸ்ரேலிய உளவியல் அறிஞர் இருவர், மனிதர் முடிவெடுக்கும் முறையை ஆராய்ந்தனர். நூறு ரூபாய் கிடைக்கும்போது வரும் மகிழ்ச்சியைவிட, நூறு ரூபாய் தொலையும்போது வரும் துயரம் பெரிது என்பது அவர்களின் கண்டுபிடிப்புகளுள் ஒன்று. அக்கருத்தை அடிப்படையாகக் கொண்ட கோட்பாட்டை 1979இல் வெளியிட்டனர். ட்வெர்ஸ்கி 1996இல் மறைந்தார். 2002ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசை ஸ்மித்தும் கானமனும் பகிர்ந்துகொண்டனர். உளவியல் அறிஞர் ஒருவருக்குப் பொருளியல் பரிசு கிடைத்தமை, நடத்தைப் பொருளியல் என்னும் துறை வேரூன்றியதற்குச் சான்றாயிற்று. அத்துறையை வளர்த்த ரிச்சர்ட் தேலர் 2017இல் அதே பரிசைப் பெற்றார்.

சிற்றூரிலிருந்து

இவ்வழியில் வந்த அடுத்த தலைமுறையினருள் குறிப்பிடத்தக்கவர் செந்தில் முல்லைநாதன். தமிழ்நாட்டின் சிறிய வேளாண் சிற்றூர் ஒன்றில் பிறந்த அவர், சிறுவனாக இருந்தபோது 1980இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதிக்குக் குடும்பத்துடன் சென்றார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல், கணிதம், பொருளியல் ஆகிய மூன்றையும் பயின்று 1993இல் பட்டம் பெற்றார். 1998இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொருளியலில் முனைவரானார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியப் பணியைத் தொடங்கிய அவருக்கு, 2002இல் மெக்ஆர்தர் அறக்கட்டளையின் நல்கை கிடைத்தது. புதுமையான சிந்தனையாளர்களுக்கு வழங்கப்படும் அந்நல்கையை அவர் பெற்றபோது முப்பது வயதை ஒட்டிய இளைஞராகவே இருந்தார். 2003இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோருடன் சேர்ந்து, வறுமை ஒழிப்புத் திட்டங்களைச் சோதனைவழி மதிப்பிடும் ஆய்வகத்தை அக்கழகத்தில் நிறுவினார்.

அவருடைய ஆய்வுகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஒரு மனிதரைப் பற்றி உலகம் கொண்டுள்ள முடிவு சரிதானா என்பதையே அவர் மீண்டும் மீண்டும் சோதித்தார். மரியன் பெர்ட்ராண்ட் என்னும் பேராசிரியருடன் அவர் செய்த ஆய்வு அதற்கு எடுத்துக்காட்டு. பாஸ்டன், சிகாகோ நகரங்களின் செய்தித்தாள்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5000 விண்ணப்பங்களை அவர்கள் அனுப்பினர். விண்ணப்பதாரர் எவரும் உண்மையானவர் அல்லர். கல்வியிலும் பட்டறிவிலும் ஒத்த விண்ணப்பங்களில் பெயர்கள் மட்டும் வேறுபட்டன. சிலவற்றில் எமிலி, கிரெக் போன்ற, வெள்ளையருக்கு வழங்கும் பெயர்கள். சிலவற்றில் லகீஷா, ஜமால் போன்ற, கறுப்பினத்தவருக்கு வழங்கும் பெயர்கள்.

வெள்ளையர் பெயருள்ள விண்ணப்பங்கள் 10 சென்றால் ஓர் அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் பெயருக்கோ 15 அனுப்பினால்தான் ஓர் அழைப்பு வந்தது. 2004இல் இவ்வாய்வு வெளியானது. ‘எங்களைப் புறக்கணிக்கிறார்கள்’ என்று பாதிக்கப்பட்டோர் காலங்காலமாகச் சொல்லி வந்ததற்கு இப்போது ஓர் எண் கிடைத்தது. அம்பலம் ஏறாத சொல்லை அம்பலம் ஏற்றியது அந்தச் சோதனை.

கரும்புக் காட்டில் ஒரு தேர்வு

கரும்பு ஏறத்தாழ ஓராண்டுப் பயிர். கரணை ஊன்றிக் களை எடுத்து, சோகை உரித்து, ஆலையின் வெட்டு உத்தரவுக்காகக் காத்திருந்து, வெட்டி ஏற்றிய பின்னரே பணம் வரும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் அப்பணத்தை அடுத்த வெட்டு வரை சீராகப் பங்கிடுவது யாருக்கும் கடினம். எனவே அறுவடை முடிந்த சில மாதங்கள் உழவர் ஓரளவு வளமாக இருப்பார். அடுத்த அறுவடைக்கு முந்தைய மாதங்களில் அதே உழவர் வறியவராகிவிடுவார். ஒரே மனிதர், ஓராண்டுக்குள், செல்வராகவும் ஏழையாகவும் வாழ்கிறார்.

இந்த உண்மையை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வரும் பயன்படுத்திக்கொண்டனர். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டப் பகுதிகளில் 54 ஊர்களைச் சேர்ந்த 464 கரும்பு உழவர்களை அறுவடைக்கு முன்னும் பின்னும் சந்தித்தனர். எழுத்தறிவு தேவைப்படாத தேர்வுகளை அவர்களுக்கு வைத்தனர். ஓர் உருவ வரிசையில் விடுபட்ட துண்டு எது எனக் கண்டறிவது அவற்றுள் ஒன்று. அதில் 10 வினாக்களுக்கு அறுவடைக்கு முன் சராசரியாக 4.35 சரியான விடைகளும், அறுவடைக்குப் பின் 5.45 சரியான விடைகளும் வந்தன. அறுவடைக்கு முன் 78 விழுக்காட்டினர் பொருளை அடகு வைத்திருந்தனர். அறுவடைக்குப் பின் 4 விழுக்காட்டினரே வைத்திருந்தனர்.

இங்கே ஐயங்கள் எழுவது இயல்பு. ஒரே தேர்வை இரண்டாம் முறை எழுதியதால் தேர்ச்சி கூடியிருக்கலாம் அல்லவா? அதற்காகவே 100 உழவரை ஒதுக்கி வைத்து, அறுவடைக்குப் பின்னரே முதன்முறையாகத் தேர்வு வைத்தனர். அவர்களும், இரண்டாம் முறை எழுதியவர்களைப் போலவே எழுதினர். பருவகாலத்தின் விளைவாக இருக்கலாம் அல்லவா? எல்லாருடைய கரும்பையும் ஆலை ஒரே நாளில் அரைக்க முடியாது. எனவே வெட்டு உத்தரவு பல மாதங்களில் பரவி வருகிறது. ஒருவருக்கு அறுவடைக்கு முந்தைய மாதம், அடுத்த நிலத்துக்காரருக்கு அறுவடைக்குப் பிந்தைய மாதம். ஆகவே வெயிலையோ மழையையோ காரணம் காட்ட இயலாது.

இவர்கள் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துக் கடைவளாகம் ஒன்றிலும் சோதனை நடத்தினர். ‘உங்கள் மகிழுந்து பழுதாகிவிட்டது; சரிசெய்ய 150 டாலர் ஆகும். எவ்வாறு சமாளிப்பீர்கள்?’ எனக் கேட்டுவிட்டுத் தேர்வு வைத்தபோது, வறியவரும் வசதியுடையோரும் ஒரே அளவில் விடையளித்தனர். தொகையை 1500 டாலர் என உயர்த்திக் கேட்டபோது, வறியவரின் மதிப்பெண் மட்டும் குறைந்தது. கேள்வி வெறும் கற்பனைதான். ஆயினும் அது அவர்கள் மனத்தில் உண்மையான கவலைகளைக் கிளறிவிட்டது. 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் இவ்விரு ஆய்வுகளும் ஒருசேர வெளியாயின.

ஒரே அடுப்பு உள்ள வீட்டில் சோறும் குழம்பும் குழந்தைக்குப் பாலும் ஒரே நேரத்தில் ஆக வேண்டுமானால் என்ன நடக்கும்? சமைப்பவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் ஒன்று தீயும். ஒன்று வேகாமல் நிற்கும். குறை சமைப்பவரிடம் இல்லை. மனமும் அத்தகைய ஓர் அடுப்பே. வட்டியும் வாடகையும் அதன்மேல் ஏறி அமர்ந்துவிட்டால் பிறவற்றுக்கு இடம் கிடைப்பதில்லை.

> தெரிந்து தெளிவோம்
>
> சென்னைக் கோயம்பேட்டுச் சந்தைச் சிறுவணிகர்களைப் பற்றியும் செந்தில் முல்லைநாதன் எழுதியுள்ளார். காலையில் 1000 ரூபாய் கடன் பெற்று, மாலையில் 1050 ரூபாயாகத் திருப்பித் தருவது அங்குள்ள ஒரு வழக்கம். அதாவது ஒரு நாளுக்கு 5 விழுக்காடு வட்டி. ஒருவர் நாள்தோறும் 5 ரூபாய் மிச்சம் பிடித்து, அந்த அளவுக்குக் கடனைக் குறைத்து, குறைந்த வட்டியையும் அதனுடன் சேர்த்து வந்தால், ஏறத்தாழ 50 நாளில் கடனே தேவைப்படாது. ஆய்வாளர்கள் வணிகர் சிலரின் கடனை முழுமையாக அடைத்துப் பார்த்தனர். பெரும்பாலோர் விரைவிலேயே மீண்டும் கடனுக்குத் திரும்பினர். கையிருப்பு இல்லாத வாழ்வில் ஒரு காய்ச்சலோ ஒரு திருமண அழைப்போ போதும், பழைய நிலை திரும்பிவிடும்.

அப்பாவின் அஞ்சலட்டை

இந்த ஆய்வை முதன்முதலில் படித்தபோது எனக்கு அது அயல்நாட்டு இதழில் வந்த செய்தியாகத் தோன்றவில்லை. தென்பெண்ணை ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில், இரண்டு ஏக்கர் கரும்பு பயிரிட்ட உழவரின் பிள்ளை நான்.

என் தந்தையார் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். நின்ற கரும்பைச் சுற்றி ஒருமுறை நடந்துவந்தால் எத்தனை டன் தேறும் எனச் சொல்லிவிடுவார். ஆலை எடைச்சீட்டில் பெரிய வேறுபாடு இருக்காது. ஊரார் பங்கு பிரிக்கவும் நிலம் அளக்கவும் அவரைத்தான் அழைப்பர். நான் மேல்நிலை வகுப்பில் படித்த ஆண்டு, அம்மாவின் தாலிச்சங்கிலி அடகுக்கடையில் இருந்தது. வெட்டு உத்தரவு தள்ளிக்கொண்டே போயிற்று. உரக்கடைக் கடன், ஆள்கூலி, என் விடுதிக் கட்டணம், பாட்டியின் மருத்துவம் என ஒவ்வொன்றுக்கும் ஒருவரைத் தேடி அலைந்துகொண்டிருந்தார்.

அந்நாள்களில்தான் ஏல அறிவிப்பு அஞ்சலட்டையாக வந்தது. வட்டியை மட்டும் கட்டினால் நகையைத் தக்கவைத்துக்கொள்ளலாம். அப்பா அதைப் படித்தார். கூரை எரவாணத்தில் செருகி வைத்தார். அன்று மாலையே வேறொருவரிடம் கைமாற்றுக் கேட்கச் சென்றார். கெடு கடந்த பின்னரே அட்டை அவர் நினைவுக்கு வந்தது. சங்கிலி ஏலத்தில் போய்விட்டது. அடுத்த சில ஆண்டுகள் அம்மா மஞ்சள் கயிற்றுடனே இருந்தார்.

‘வட்டி கட்டக்கூடத் தெரியாத ஆள்’ என்றார் உறவினர் ஒருவர். ஊருக்கே கணக்குச் சொன்னவர் அதன்பின் யார் அழைத்தாலும் ‘வேறு ஆளைப் பாருங்கள்’ என்று ஒதுங்கிக்கொண்டார். சங்கிலியை இழந்ததைக் காட்டிலும், தமக்கு அறிவு போதாது என அவரே நம்பத் தொடங்கியது பேரிழப்பு. அந்த ஆய்வு வெளியானபோது அவர் உயிருடன் இல்லை. ‘உங்கள் அறிவில் குறையில்லை, அந்த மாதங்களில் அதற்கு இடம் கிடைக்கவில்லை’ என்று அவரிடம் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

ஐயமும் அறிவே

மனத்துக்கு நெருக்கமான ஒரு முடிவு கிடைத்துவிட்டால் அதனை அப்படியே பற்றிக்கொள்ளத் தோன்றும். அறிவியல் அதற்கு இடம் தருவதில்லை. கார்வாலோ, மையர், வாங் என்னும் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் குறைந்த வருவாய்க் குடும்பங்களிடம், சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் இதே போன்ற தேர்வுகளை நடத்தி 2016இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுக்குச் சிந்தனைத் திறனில் வேறுபாடு தென்படவில்லை. சில நாள் இடைவெளியில் வரும் சம்பளமும், ஆண்டுக்கு ஒருமுறை வரும் கரும்புப் பணமும் ஒன்றல்ல என்று வாதிடலாம். எனினும் வறுமை எப்போது, எவ்வளவு, யாரைப் பாதிக்கிறது என்ற கேள்வி முடிந்துவிடவில்லை என்பதை அம்முடிவு உணர்த்தியது.

செந்தில் முல்லைநாதனும் அங்கேயே நின்றுவிடவில்லை. பின்னர் சுப்ரீத் கவுர் முதலியோருடன் ஒடிசாவில் மற்றோர் ஆய்வில் ஈடுபட்டார். இலைகளைத் தைத்துத் தட்டு செய்யும் தொழிலாளர்களுக்குச் சேர வேண்டிய கூலியில் ஒரு பகுதியைச் சிலருக்கு முன்னதாகவும் சிலருக்குப் பின்னதாகவும் கொடுத்தனர். மொத்தக் கூலி மாறவில்லை. கொடுத்த நாள் மட்டுமே மாறியது. முன்னதாகப் பெற்றவர்களின் உற்பத்தி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடியது. வேலையில் நேரும் பிழைகளும் குறைந்தன. மிகவும் வறியவர்களிடமே இம்மாற்றம் மிகுதியாகக் காணப்பட்டது. கடன் தீர்ந்ததும் கை அதே கைதான். மனம் மட்டும் இலைமேல் வந்து அமர்ந்தது.

ஒரு முடிவை வெளியிடுவதும், அதை மற்றவர் மறுப்பதும், மறுப்பை மதித்து மீண்டும் சோதிப்பதும் சேர்ந்ததே ஆய்வுப் பணி. இத்துறையில் வாழ்நாளைச் செலவிடுவோருக்குக் கணிதம் வேண்டும், பொறுமை வேண்டும், தம் கருத்துக்கு எதிரான எண்ணையும் ஏற்கும் நேர்மை வேண்டும். அவற்றுடன், வயல் வரப்பில் அமர்ந்து ஓர் உழவர் சொல்வதைக் கேட்கும் பணிவும் வேண்டும்.

கடைசி நாள்

நான் ஆசிரியப் பணிக்கு வந்து முப்பது ஆண்டுகளாகின்றன. எங்கள் பகுதியில் அரையாண்டுத் தேர்வு மார்கழியில் வரும். பல வீடுகளில் அப்போது கரும்பு இன்னும் நின்றுகொண்டிருக்கும். கல்வி உதவித்தொகைக்கான வருமானச் சான்றிதழைப் பெறுவதற்கும் விண்ணப்பத்தைச் சேர்ப்பதற்கும் ஒரு கடைசி நாள் உண்டு. அந்நாளைத் தவறவிடுபவர் பெரும்பாலும் அத்தொகை மிகுதியாகத் தேவைப்படும் வீட்டுப் பிள்ளையே. ‘அக்கறை இருந்தால் வரமாட்டார்களா?’ என்ற குரல் ஆசிரியர் அறைகளில் எழுவதுண்டு.

நடத்தைப் பொருளியல் இதற்குச் சொல்லும் வழி எளியது: அறிவுரையைக் கூட்டாதீர்கள், வேலையைக் குறையுங்கள். நாங்கள் அவ்வாறே செய்தோம். கடைசி நாளுக்கு நான்கு வாரம் முன்பே தேதியைக் கரும்பலகையின் மூலையில் எழுதி, அழிக்காமல் விட்டோம். விண்ணப்பங்களை வகுப்பிலேயே நிரப்பினோம். பெற்றோர் ஒரு மாலை மட்டும் வந்து கையொப்பமிட்டால் போதும் என ஏற்பாடு செய்தோம். சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் ஒருவரும் அந்நாளைத் தவறவிடவில்லை. இது பெரிய ஆய்வன்று. சான்றாகக் காட்டத் தக்கதுமன்று. ஆனால் ‘பொறுப்பில்லாதவர்’ எனப் பேசப்பட்ட ஒரு தந்தை, அன்று மாலை எல்லாருக்கும் முன்பாகவே வந்து பள்ளிக்கூடத் திண்ணையில் காத்திருந்தார்.

மாணவர்களே, நீங்கள் நாளை அலுவலராகவோ ஆசிரியராகவோ வங்கி மேலாளராகவோ மருத்துவராகவோ ஆகலாம். உங்கள் மேசைக்கு முன் ஒருவர் தேதி தவறிய தாளுடன் நிற்பார். அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வர உங்களுக்குச் சில நொடிகளே ஆகும். அம்முடிவு சரியா என்று சோதிக்க ஆய்வாளர் நால்வர், 54 ஊர்களுக்குச் சென்று 464 பேரிடம் கேட்க வேண்டியிருந்தது. எனவே, தாளைத் திருப்பித் தருவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இவருடைய கரும்பு வெட்டியாயிற்றா?

கற்பவை கற்றபின்

1. ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்னும் பழமொழியை, விண்ணப்பங்களின் பெயர் பற்றிய ஆய்வுடன் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.
2. கரும்பு உழவர் ஆய்வில் 100 பேரை ஒதுக்கி வைத்ததன் காரணத்தை உம் சொந்த நடையில் விளக்குக.
3. உம் ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை அல்லது பருவத்துக்கு ஒருமுறை வருவாய் வரும் தொழில்களைப் பட்டியலிட்டு, வருவாய் இல்லாத மாதங்களை அக்குடும்பங்கள் எவ்வாறு சமாளிக்கின்றன எனக் கேட்டறிந்து எழுதுக.
4. உம் பள்ளியிலோ ஊரிலோ மக்கள் அடிக்கடி தவறவிடும் ஒரு ‘கடைசி நாளை’த் தேர்ந்தெடுத்து, அதனை எளிதாக்கும் வழிகளைக் குழுவாகக் கலந்துரையாடுக.